வினாவும் அதன் மறுதலையும்
தரவுத்தள மொழிகள் தம் கோட்பாட்டினின்று விலகியமை பற்றிய ஓர் ஆய்வு

ஒரு கோட்பாடு ஏட்டளவில் நிற்கும்வரை அதன் தூய்மைக்குக் குறைவு நேர்வதில்லை. அது கருவியாக உருப்பெற்று, அலுவலகத்து மேசைக்கு வந்து, மக்களுடைய பெயரையும் பிறப்பையும் உரிமையையும் எண்ணத் தொடங்கும்போதே அதன் உரம் சோதிக்கப்படுகின்றது. கணினியியலில் இச் சோதனைக்கு உள்ளான கோட்பாடுகளுள் தலையாயது எட்கர் கொட் என்னும் அறிஞர் வகுத்த தொடர்புக் கோட்பாடாகும். வங்கிக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவு, வாக்காளர் இடாப்பு, பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றுட் பெரும்பாலான இன்று அக் கோட்பாட்டின் பெயரால் வழங்கும் தரவுத்தளங்களிலேயே சேமிக்கப்படுகின்றன. எனினும், கோட்பாடு ஒன்று கூற, அதனைச் செயற்படுத்த வந்த வினவல் மொழி வேறொன்று செய்கின்றது. இவ் விலகல் எத்தகையது, இதனால் இழப்பவர் யாவர் என்பன ஆராயத் தக்கன. அறிஞர் தமக்குள் நிகழ்த்தும் சொற்போராக மட்டும் இதனைக் கருதி விட்டுவிடலாகாது என்பதற்குக் கண்டி நகரைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களே போதிய சான்றாகும்.

முதற்கண் கோட்பாட்டின் இயல்பை நோக்குவோம். பிரித்தானியரான கொட், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய காலத்தில், 1970 ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன்பு கணினியிற் சேமித்த பதிவுகள் சங்கிலிபோல ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. விடை வேண்டுவோன் எச் சங்கிலியைப் பற்றி எத் திசையிற் செல்லவேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். சேமிப்பு முறை மாறின் வினாவும் மாறும். இந் நிலையை மாற்ற எண்ணிய கொட், தகவல் யாவும் கணிதம் கூறும் தொடர்புகளாக மட்டுமே அமைதல் வேண்டும் என்றார். தொடர்பு என்பது ஒரு தொடை. தமிழகத்தார் இதனைக் கணம் என்பர். தொடையில் ஓர் உறுப்பு இருமுறை இடம்பெறாது. உறுப்புகளுக்குள் முன்பின் என்னும் வரிசையும் இல்லை. அட்டவணையின் ஒவ்வொரு நிரையும் உண்மையான ஒரு கூற்றைக் குறிக்கும். கூற்றுகளின்மீது அளவையியல் முறைப்படி வினா எழுப்பலாம். பெறும் விடையும் மற்றொரு தொடர்பாகவே அமையும். யாது வேண்டும் என்பதை மனிதன் கூறுவான். அதனை எவ்வழியிற் பெறுவது என்பதைப் பொறி தீர்மானிக்கும்.

இதனால் விளையும் பயன் ஒன்றுண்டு. உண்மை, பொய் என்னும் இரண்டு மட்டுமே உள்ள அளவையில், ஒரு வினாவும் அதன் மறுதலையும் சேர்ந்து முழுத் தொகையையும் அடக்கிவிடும். ஒரு தோட்டத்தில் நூறு பேர் இருப்பின், முதியோர் இத்தனை பேர், முதியோரல்லாதார் இத்தனை பேர் என்னும் இரு விடைகளின் கூட்டுத்தொகை நூறாதல் வேண்டும். எவரும் இடையில் நழுவிவிடார். கோட்பாடு அளித்த உறுதி இதுவே. அது பின்னர் எவ்வாறு கைவிடப்பட்டது என்பதை இனி நோக்குவோம்.

கொட் கண்ட கோட்பாட்டைப் பொதுமக்களும் கையாளத்தக்க மொழியாக்க விழைந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பொய்ஸ் என்னும் இருவர், 1974 ஆம் ஆண்டு சீக்குவல் என்னும் மொழியை வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் சுருங்கி, 1986 இல் அமெரிக்க நியமமாகவும் 1987 இல் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. கணிதக் குறியீடு அறியாதாரும் வினவ வேண்டும் என்ற அவர்தம் நோக்கம் போற்றற்குரியது. ஆயின் எளிமையும் விரைவும் கருதிச் செய்த சில விட்டுக்கொடுப்புகள் மொழியின் அடித்தளத்திலேயே நிலைபெற்றுவிட்டன.

அவற்றுள் முதலாவது, நிரைகள் இரட்டித்தல். ஒரு கல்லூரியின் மாணவர் அட்டவணையிலிருந்து ஊர்ப்பெயரை மட்டும் கேட்டால், கோட்பாட்டின்படி கம்பளை, கலகா, தெல்தொட்டை என ஒவ்வோர் ஊரும் ஒருமுறையே வருதல் வேண்டும். எஸ்.கியூ.எல்., தனியாகக் கட்டளையிட்டாலன்றி, மாணவர் தொகை எத்தனையோ அத்தனை முறை ஊர்ப்பெயர்களை அடுக்கித் தரும். இரட்டைகளை நீக்குதற்குப் பொறி நிரைகளை வரிசைப்படுத்த நேரும். அதற்குக் காலம் செல்லும் என்பது அன்றைய சமாதானம். அச் சமாதானத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் உண்மையான ஒரு கூற்றை இருமுறை கூறுவதால் அது இருமடங்கு உண்மையாகிவிடாது. தொடை என்ற இடத்தில், பொருள்களை எண்ணிக்கையோடு இட்டுவைக்கும் பை என்பது வந்து அமர்ந்தது. இதன் விளைவு பின்னரே தெளிவாயிற்று. ஒருவகை எளிய வினவல்கள் இரண்டு ஒரே பொருளனவா என்பதைத் தீர்மானிக்கும் வழியை 1977 இல் சந்திராவும் மேர்லினும் தொடைகளுக்கு நிறுவினர். 1993 இல் சுரஜித் சௌதுரியும் மோஷே வார்டியும் அம் முடிவுகள் பைகளுக்கு அப்படியே பொருந்தா எனக் காட்டினர். விரைவு வேண்டிச் செய்த விட்டுக்கொடுப்பு, விரைவுக்கு வேண்டிய கணிதத்தையே பொறியிடமிருந்து பறித்துக்கொண்டது.

இரண்டாவது விலகல் இதனினும் கடுமையானது. நிரையில் ஒரு பெறுமானம் இல்லாதபோது அவ்விடத்தில் வெற்றுக்குறி ஒன்றை வைக்க மொழி இடந்தருகின்றது. ஒருவர் பிறந்த தேதி உண்டு, ஆனால் தெரியாது. உயிரோடிருப்பவருக்கு இறந்த தேதி என ஒன்றில்லை. தொலைபேசி எண்ணோ கேட்கப்படவேயில்லை. தம்முள் வேறான இம் மூன்றுக்கும் குறி ஒன்றே. அக் குறியோடு எதனை ஒப்பிட்டாலும் விடை உண்மையுமன்று, பொய்யுமன்று. ‘தெரியாது’ என்னும் மூன்றாவது நிலையாகும். வினவற்கு விடையாக வருவன உண்மை எனத் தேறிய நிரைகள் மட்டுமே.

இதன் பொருளைக் கண்டிப் புறத்துத் தோட்டம் ஒன்றை மனத்திற்கொண்டு நோக்குக. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட நாள்தொட்டு இம் மலைகளில் உழைத்தோரின் வழிவந்தவர்கள் லயன் அறைகளில் வாழ்ந்தனர். தனி வீட்டிலக்கமின்றித் தோட்டத்தின் பெயரே பலருக்கு முகவரியாக நெடுங்காலம் இருந்தது. பிறப்புப் பதிவு இல்லாதோரும் பலர். இத்தகைய தோட்டத்தில் நூறு பேருடைய இடாப்பு ஒன்று உளதென்றும், அவருள் எண்மருக்குப் பிறந்த தேதி வெற்றாக உள்ளதென்றும் வைத்துக்கொள்வோம். 1965 க்கு முன் பிறந்தோர் யாவர் என வினவின் நாற்பது பெயர் வருகின்றன. முன் பிறவாதோர் யாவர் என வினவின் ஐம்பத்திரண்டு பெயர் வருகின்றன. எஞ்சிய எண்மர் எங்கே? இரு விடையிலும் அவர் இல்லை. பொறி பிழை எனவும் எச்சரிக்கவில்லை. முதியோர்க்குரிய உதவியும் அவருக்கு இல்லை. இளையோர்க்குரிய தொழிற்பயிற்சியும் இல்லை.

இன்னும் ஒன்று. மண்சரிவு நிகழ்ந்த ஓரிடத்தில் முந்நூறு குடும்பங்கள் இருக்க, நூற்றிருபது குடும்பங்கள் நிவாரணம் பெற்றனவாகப் பதியப்பட்டுள்ளன எனக் கொள்க. பெற்றோர் பட்டியலில் இல்லாதோர் யாவர் என ஓர் அலுவலர் இயல்பான சொற்களால் வினவுகின்றார். வரவேண்டிய விடை நூற்றெண்பது. ஆனால் பட்டியலில் ஒரே ஒரு நிரையில் அடையாள அட்டை எண் வெற்றாயிருப்பின், வரும் விடை ‘எவருமிலர்’ என்பதாம். ஒருவர் பட்டியலில் இல்லை எனக் கூறப் பொறி அவர் எண்ணை ஒவ்வோர் எண்ணோடும் ஒப்பிட்டு ‘வேறு’ எனத் தேற வேண்டும். வெற்றுக்குறியோடு ஒப்பிடுகையில் விடை ‘தெரியாது’ என்றாகின்றது. ஆகவே முழுக் கூற்றும் தெரியாததாகித் தள்ளப்படுகின்றது. ஒருவருடைய எண் விடுபட்டமையால் நூற்றெண்பது குடும்பங்கள் கண்ணுக்கு மறைந்துபோகின்றன. விடை காலியாயிருத்தலைக் காணும் அலுவலர், யாவர்க்கும் நிவாரணம் சென்றதென மகிழவுங்கூடும்.

இம் மூன்றாம் நிலையை மொழி ஒரே நெறியிலேனும் நடத்துகின்றதா எனின், அதுவுமில்லை. வினவலில் ‘தெரியாது’ என்பது பொய்யோடு சேர்த்துத் தள்ளப்படும். அட்டவணைக்குள் நுழையும் தரவைச் சோதிக்கும் கட்டுப்பாட்டிலோ அது உண்மையோடு சேர்த்து ஏற்கப்படும். வெற்றும் வெற்றும் சமமா என ஒப்பிட்டால் ‘தெரியாது’ என்னும். குழுக்களாகப் பிரிக்கும்போதோ வெற்றுகள் யாவும் ஒரே குழுவில் அடங்கும். ஒன்றுமில்லாத தொகுதியை எண்ணினால் விடை பூச்சியம். அதன் பெறுமானங்களைக் கூட்டினால் விடை வெற்று. இத்துணை முரண்பாடுகள் உள்ள ஒரு முறையைத் தருக்கம் என அழைப்பது எங்ஙனம்?

மூன்றாம் நிலையில் மனிதரை வைப்பது கணினிக்கு முன்பே மலையகம் கண்ட அனுபவமாகும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வழிவழிக் குடியுரிமைக்குத் தந்தையாவது, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது இந்நாட்டிற் பிறந்தமையை வேண்டிற்று. பதிவில்லாத பிறப்பை எவ்வாறு காட்டுவது? சான்று இல்லாமை, பிறவாமைக்கே சான்றாகக் கொள்ளப்பட்டது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் 975,000 பேர் எனக் கணித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியர் என்றது. எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்த் தீர்மானிக்க விட்டுவைத்தது. அவரை இரு நாடுகளும் செம்பாதியாகப் பகிர்வதெனப் பத்தாண்டு கழித்து 1974 இலேயே உடன்பாடாயிற்று. எஞ்சியிருந்தோர் நிலையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியதாயிற்று. ஆம் எனவும் அன்று எனவும் கூறப்படாத நிலையில் வாழ்வது எத்தகையது என்பதை இம் மலைகளிலுள்ளோர்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. அன்று அந் நிலையை ஏற்படுத்தியவர் தாம் செய்வதை அறிந்து செய்தனர். இன்று வினவல் மொழியோ, எழுதுவோன் அறியாமலே அதனை ஏற்படுத்திவிடுகின்றது.

இனி, வழியைத் தேரும் உகப்பாக்கியின் நிலையை நோக்குவோம். பயனாளன் பொருளைக் கூற, பொறி வழியைத் தேரும் என்னும் வாக்குறுதியை நிறைவேற்றுவதே இதன் தொழில். ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பற்றீசியா செலிங்கர் முதலியோர் 1979 இல் வெளியிட்ட முறை இதற்கு முன்னோடி. வினவலைச் செயற்படுத்தும் பல வழிகளுக்கும் செலவு கணித்து, குறைந்ததைத் தெரிவு செய்தல் அம் முறை. இங்கு இருவகைக் குறைகளை வேறுபடுத்திக் காணல் வேண்டும்.

ஒன்று விடையையே மாற்றும் குறை. உகப்பாக்கி வினவலை அதே பொருளுடைய வேறு வடிவாக மாற்ற முயலும். தலைமைப் பதிவேட்டிற் காட்டிய ஆசிரியர் தொகையும் ஆசிரியர் இடாப்பில் எண்ணிய தொகையும் ஒத்துவரும் பாடசாலைகள் யாவை என்பது வினாவாகட்டும். ஆசிரியரே இல்லை எனக் காட்டி, இடாப்பிலும் ஒருவருமில்லாத பாடசாலை இவ் விடையில் இடம்பெறவேண்டும். 1982 இல் வொன் கிம் என்பார், இத்தகைய வினவலில், முதலில் ஆசிரியரைப் பாடசாலைவாரியாக எண்ணிப் பின்னர் இணைக்கும் வடிவத்தை ஒத்ததொரு மாற்றத்தை முன்மொழிந்தார். விரைவான வழிதான், ஆனால் ஆசிரியரில்லாப் பாடசாலைக்குக் குழு எதுவும் அமையாமையால், அப் பாடசாலை விடையிலிருந்து மறைந்துவிடும். எதுவுமில்லாதார் எண்ணப்படாமலே போகும் இக் குறைக்குக் கான்ஸ்கியும் வொங்கும் 1987 இல் தந்த திருத்தம், இணையாத நிரையை வெற்றுக்குறியால் நிரப்பிக் காக்கும் இணைப்பையே நாடிற்று. நோயும் மருந்தும் ஓரிடத்திற் பிறந்தன என்க.

மற்றது விடையை மாற்றாது, காலத்தை விழுங்கும் குறை. செலவு கணிக்க, நிபந்தனைக்குப் பொருந்தும் நிரைகள் எத்தனை என ஊகித்தல் வேண்டும். 1979 ஆம் ஆண்டு முறை, தரவு பற்றிய குறிப்பு இல்லாதவிடத்து, சமம் என்னும் நிபந்தனைக்குப் பத்திலொன்று எனக் கொண்டது. நிபந்தனைகள் பல வரின் ஒன்றோடொன்று தொடர்பற்றன எனக் கருதிப் பெருக்கிற்று. நகர் கண்டி, அஞ்சற் குறியீடு 20000 என இரு நிபந்தனை வருகின்றன எனக் கொள்க. ஒவ்வொன்றும் பத்திலொரு பங்குக்குப் பொருந்துமாயின், பொறி நூறிலொரு பங்கு என மதிக்கும். உண்மையிலோ இரண்டும் ஒன்றையே சொல்வன. ஓரிலட்சம் நிரையில் ஆயிரம் வரும் என எண்ணிப் புறப்பட்ட பொறி, பத்தாயிரத்தை எதிர்கொண்டு திணறும். அந்நிலையில் வினவல் எழுதுவோன், இவ் வழியாற் செல் எனக் குறிப்பு எழுதித் தரத் தலைப்படுகின்றான். கொட் ஒழிக்க முயன்ற பழைய சங்கிலி மீண்டும் மனிதன் கைக்கு வந்து சேர்கின்றது.

இத்துறையில் தென்னாசிய அறிஞரின் பணி குறிப்பிடத்தக்கது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நவீன் ரெட்டியும் ஜயந்த் ஹரித்சாவும் 2005 இல், நிபந்தனையின் அளவு சிறிது சிறிதாக மாறும்போது உகப்பாக்கி தேரும் வழிகள் எவ்வாறு மாறுகின்றன என்பதை வண்ணப் படமாக வரைந்து காட்டினர். சீரான பரப்புகளை எதிர்பார்த்த இடத்தில் நுண்ணிய துண்டுகள் பல சிதறிக் கிடந்தன. அக் கருவிக்குப் பிக்காசோ எனப் பெயர் அமைந்தது பொருத்தமே. 2014 இல் அன்சுமன் தத்தும் ஹரித்சாவும், ஊகத்தையே நம்பாது, செலவுக்கு வரம்பு விதித்துப் பல வழிகளை முறையே சோதித்துச் செல்லும் நெறி ஒன்றை முன்வைத்தனர். மிகக் கேடான நிலையிலும் இழப்பு ஓர் எல்லையைக் கடவாது என்பது அதன் சிறப்பு. அறியாததை அறிந்ததாக நடியாமல், அறியாமையை ஒப்புக்கொண்டு செய்வது அந்நெறி. இந்த நேர்மையே வினவல் மொழிக்கும் வேண்டப்படுவது.

மறுபக்கத்தார் கூறுவதையும் கேட்டல் முறை. வெற்றுக்குறியைக் கொட் எதிர்த்தாரல்லர். 1979 இல் வெளிவந்த கட்டுரையில் அவரே அதனைக் கோட்பாட்டுட் சேர்த்தார். 1990 இல் வெளியிட்ட நூலில் வெற்றை இருவகையாகப் பிரித்து, நான்கு நிலை கொண்ட அளவையையும் முன்மொழிந்தார். அவருடைய கோட்பாட்டைப் பரப்பிய கிறிஸ் டேற் இதனை மறுத்தார். அவரும் ஹியூ டார்வினும் 1995 இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, இரட்டை நிரையும் வெற்றுக்குறியும் ஆகா என விலக்கிற்று. உலக வாழ்வில் தரவு நிறைவாகக் கிடைப்பதில்லை, வெற்றிடத்தை ஏற்கும் மொழியே நடைமுறைக்கு உதவும் என்பர் நடைமுறையாளர். 2004 ஆம் ஆண்டுக் கடல்கோளுக்குப் பின் இலங்கையில் உருவான சகானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளிற் காணாமற்போனோர் பதிவும் ஓர் உறுப்பாயிருந்தது. இத்தகைய பதிவில் வெற்றிடம் விதிவிலக்கன்று, இயல்பு. ஆகவே வெற்றிடம் உண்டா இல்லையா என்பதன்று வழக்கு. அதற்குரிய பொருளை யார் தீர்மானிப்பது என்பதே வழக்கு.

இவ் வழக்கிற்கு நம் முன்னோர் அளவை நூல்களில் ஓர் ஒளி உண்டு. அபாவம், அஃதாவது இன்மையால் அறிதல், சிவஞான சித்தியார் தொகுத்துக் கூறும் பத்து அளவைகளுள் ஒன்று. குமாரில பட்டர் வழிவந்த மீமாஞ்சகர் இதற்கு ஒரு வரம்பு விதித்தனர். ஒரு பொருள் இருந்திருப்பின் காணப்பட்டேயிருக்கும் என்ற நிலையில் மட்டுமே, காணாமை அதன் இன்மைக்குச் சான்றாகும். பகலொளியிற் பானையைக் காணாதவன் பானையில்லை எனலாம். இருளிற் காணாதவன் அவ்வாறு சொல்லுதற்கு உரிமையில்லை. பதிவில் இல்லாதது உலகிலும் இல்லை எனக் கொள்ளும் அடைத்த உலக எடுகோளை ரேமண்ட் ரைட்டர் 1978 இல் அளவையியல் முறையில் வரையறுத்தார். அவ் வெடுகோள் செல்லுபடியாகும் எல்லையை மீமாஞ்சகர் விதித்த வரம்பே காட்டிநிற்கின்றது.

ஆதலின், பதிவு அமைப்போர் செய்யத்தக்கன சில உள. பிறந்த தேதி அறிந்தோரை ஓர் அட்டவணையிலும், அறியாதோரை மற்றோர் அட்டவணையிலும் வைப்பின், அறியாமையும் உண்மையான ஒரு கூற்றாகவே பதிவாகும். டார்வின் காட்டிய வழி இதுவே. அட்டவணைகள் பெருகும், இணைப்புச் செலவும் மிகும் என்பது உண்மை. அச் செலவைப் பொறி தாங்கட்டும். ஏழையின் பெயர் தாங்கவேண்டுவதில்லை. அஃது இயலாதவிடத்து, ஒவ்வொரு வினாவோடும் அதன் மறுதலையையும் வினவி, இரண்டின் கூட்டுத்தொகை முழுமைக்கு நிகரா எனச் சரிபார்த்தல் வேண்டும். நிகரில்லையேல், எஞ்சியோரை மூன்றாவது பட்டியலாக வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். எவருமிலர் என விடை வரின், அதனை நற்செய்தியாகக் கொள்ளுமுன் ஐயுறல் வேண்டும்.

பேராதனையிலும் பிறவிடத்தும் கணினியியல் கற்கும் மாணவர் விரைவான வினவல் எழுதுவதையே திறமை எனக் கருதுதல் கூடும். எழுதிய வினவல் யாரை எண்ணாமல் விட்டது என்று கேட்கக் கற்பதே அத் திறமைக்கு முந்தியது. நூறு பேருள்ள இடாப்பில் நூறு பேரும் ஏதோ ஒரு விடையில் இருத்தல் வேண்டும் என்பது கணிதத்தின் விதி. அதுவே நீதியின் விதியுமாகும்.